ஒரு கையெழுத்தில் ஓடிய கம்பெனி: ஹேண்ட்மேட் ஃபிலிம்ஸ்

[திரையில்: 1978, லண்டன்]

வணக்கம். லண்டனில் ஒரு படக்குழு துனிசியாவுக்குக் கிளம்பத் தயாராக இருக்கிறது. மான்ட்டி பைத்தான் என்ற நகைச்சுவைக் குழு எழுதிய 'லைஃப் ஆஃப் பிரையன்' படத்துக்காக. பணம் போட ஒப்புக்கொண்டிருந்தது இ.எம்.ஐ. என்ற பிரிட்டிஷ் கம்பெனி. கிளம்பும் நேரம் நெருங்கியபோதுதான் அந்தக் கம்பெனியின் தலைவர் பெர்னார்டு டெல்ஃபான்ட் திரைக்கதையைப் படித்தார். இயேசு பிறந்த அதே நாளில் பக்கத்துத் தொழுவத்தில் பிறந்த ஒருவனை, இவன்தான் மீட்பர் என்று ஊரே நம்பிவிடுகிற கதை. மத நிந்தனை என்று பிரச்சினை வெடிக்கும் எனப் பயந்தார். பணம் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

குழுவில் ஒருவரான எரிக் ஐடில் தன் நண்பரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். அந்த நண்பர், பீட்டில்ஸ் இசைக்குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன். அவர் தன் மேனேஜர் டெனிஸ் ஓ'பிரையனிடம் கலந்து பேசினார். அப்புறம் ஹென்லியில் தான் வாழ்ந்துகொண்டிருந்த ஃப்ரையர் பார்க் மாளிகையை அடமானம் வைக்கச் சம்மதித்தார். லண்டன் அலுவலகக் கட்டடமும் சேர்ந்து அடமானத்துக்குப் போனது. சுமார் 40 லட்சம் டாலர் திரண்டது. இவ்வளவு பெரிய காரியத்துக்கு ஹாரிசன் சொன்ன காரணம் ஒன்றுதான்: எனக்கு இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். சினிமா டிக்கெட்டுக்கு இவ்வளவு விலை கொடுத்தவர் உலகத்தில் வேறு யாரும் இல்லை என்று ஐடில் பின்னாளில் பல மேடைகளில் சொன்னார்.

1979-இல் படம் வந்தது. டெல்ஃபான்ட் பயந்த மாதிரியே எதிர்ப்பும் வந்தது. பிரிட்டனில் பல உள்ளாட்சி மன்றங்கள் தடை போட்டன. நார்வே தடுத்தது, அயர்லாந்து தடுத்தது. ஆனாலும் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 2 கோடி டாலர் வசூல். ஒரே ஒரு படத்துக்காக ஹாரிசனும் ஓ'பிரையனும் தொடங்கிய ஹேண்ட்மேட் ஃபிலிம்ஸ், நிரந்தரக் கம்பெனியாக நிலைத்தது.

[திரையில்: கடன், ஜாமீன், கையெழுத்து]

இங்கே கொஞ்சம் நின்று பணக் கணக்கைப் பார்த்துவிடுவோம். இந்தக் கம்பெனியின் முழுக் கதையும் இதில்தான் இருக்கிறது.

பெரிய ஸ்டூடியோ வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து படம் எடுக்கும். இரண்டு மூன்று ஓடினால் மற்றவற்றின் நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளும். சுயேச்சைக் கம்பெனிக்கு அந்த வசதி இல்லை. அது படம் எடுப்பதற்கு முன்பே சில நாடுகளின் விநியோக உரிமையை விற்கப் பார்க்கும். அந்த ஒப்பந்தத்தைக் காட்டி வங்கியில் கடன் வாங்கும். ஒப்பந்தத் தொகை பட்ஜெட்டை எட்டாவிட்டால், மிச்சத்துக்கு யாராவது ஜாமீன் நிற்க வேண்டும். படம் விழுந்தால் வங்கி போய்த் தட்டுவது ஜாமீன் போட்டவர் வீட்டுக் கதவைத்தான்.

ஹேண்ட்மேடில் அந்த ஜாமீன் ஹாரிசனின் கையெழுத்து. பீட்டில்ஸ் பாட்டுகளுக்கு ராயல்டி வந்துகொண்டே இருக்கும் மனிதர் கையெழுத்துப் போட்டால் எந்த வங்கிதான் யோசிக்கும்? லாபமும் நஷ்டமும் தனக்கும் ஓ'பிரையனுக்கும் சரிபாதி என்றே ஹாரிசன் நம்பியிருந்தார். காகிதங்களைப் பார்த்துக்கொள்வது ஓ'பிரையன். ஹாரிசனுக்குக் காகிதம் பிடிக்காது, தோட்டம் பிடிக்கும்.

இந்த ஏற்பாட்டில் ஆபத்து இருந்தது உண்மை. ஆனால் வேறு எந்த ஏற்பாட்டிலும் வந்திருக்க முடியாத படங்கள் இதில் வந்தன என்பதும் உண்மை. அதனால்தான் எனக்கு இந்தக் கம்பெனி மேல் இவ்வளவு பிரியம்.

[திரையில்: தேம்ஸ் நதிக்கரை, பாப் ஹாஸ்கின்ஸ்]

'தி லாங் குட் ஃப்ரைடே'யை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் தாதா ஒருவன், வட அயர்லாந்தைப் பிரிட்டனிடமிருந்து பிரிக்கப் போராடிய ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ.வோடு மோதிக்கொள்ளும் கதை. பாப் ஹாஸ்கின்ஸ் நாயகன். படம் தயாராகியும் வெளிவரவில்லை. பணம் போட்ட நிறுவனத்தின் தலைவர் லூ கிரேடுக்கு அதில் இருந்த ஐ.ஆர்.ஏ. விவகாரம் பிடிக்கவில்லை. வெட்டிச் சுருக்கி டிவியில் போட்டுவிடலாம் என்ற பேச்சு நடந்தது. அந்த நிலையில் ஹேண்ட்மேட் படத்தை விலைக்கு வாங்கி, அப்படியே தியேட்டருக்குக் கொண்டுவந்தது. லூ கிரேடு யார் தெரியுமா? 'லைஃப் ஆஃப் பிரையனை'க் கைவிட்ட டெல்ஃபான்டின் சொந்த அண்ணன். தம்பி பயந்து விட்ட படம், அண்ணன் பயந்து விட்ட படம், இரண்டும் ஒரே கம்பெனியிடம் வந்து சேர்ந்தன. அந்த நாளைய பிரிட்டிஷ் சினிமாவில் எத்தனை குறைந்த பேர் கையில் முடிவெடுக்கும் அதிகாரம் இருந்தது என்பது இதிலேயே தெரிகிறது.

1981-இல் டெர்ரி கில்லியம் இயக்கிய 'டைம் பாண்டிட்ஸ்'. சுமார் 50 லட்சம் டாலர் செலவு. அமெரிக்கப் பெரிய ஸ்டூடியோக்கள் வாங்க மறுத்தன. கடைசியில் அங்கே 4 கோடி டாலருக்கு மேல் ஓடியது. படத்தில் ஹாரிசனின் பாட்டுகளை நிறையச் சேர்க்கச் சொல்லி ஓ'பிரையன் வற்புறுத்தினார், கில்லியம் மறுத்தார். முடிவில் ஒரு பாட்டு மட்டும் வந்தது. பணம் போட்டவரே பெரிய பாடகராக இருந்தும் இயக்குநரின் பேச்சு நின்றது.

இந்தக் காலத்தில் நடந்த இன்னொரு விஷயம் பலர் கண்ணில் படுவதில்லை. மான்ட்டி பைத்தான் குழுவுக்கும் ஓ'பிரையன்தான் சில காலம் வரவு செலவு பார்த்தார். அவர் போட்ட சிக்கலான நிதித் திட்டங்கள் அவர்களுக்கு ஒத்துவரவில்லை, விலகிவிட்டார்கள். குழுவின் அடுத்த படத்துக்கு யுனிவர்சல் பணம் போட்டது. ஹாரிசன் மட்டும் ஓ'பிரையனோடு தொடர்ந்தார்.

[திரையில்: 1986]

அந்த ஒரே வருஷத்தில் கம்பெனியின் இரண்டு முகத்தையும் பார்க்கலாம். நீல் ஜோர்டன் இயக்கிய 'மோனா லிசா'வுக்காக ஹாஸ்கின்ஸுக்குப் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. அதே வருஷம் 'ஷாங்காய் சர்ப்ரைஸ்'. மடோனா, ஷான் பென் ஜோடி, ஹாங்காங்கிலும் அதன் அருகிலுள்ள மக்காவ் நகரிலும் படப்பிடிப்பு, சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலர் செலவு. பத்திரிகைக்காரர்கள் விடாமல் துரத்தினார்கள். லண்டனில் பத்திரிகையாளர் சந்திப்பு வைத்து ஹாரிசனே மடோனாவின் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டி வந்தது. அமெரிக்க வசூல் 23 லட்சம் டாலரைச் சுற்றித்தான்.

கம்பெனி தடம் மாறியது இங்கேதான் என்பது என் கணிப்பு. யாரும் தொடாத கதையைக் குறைந்த செலவில் எடுப்பது அவர்களுக்குக் கைவந்த வேலை. நட்சத்திரத்தை வைத்து ஹாலிவுட்டோடு போட்டி போடுவது வேறு தொழில். அந்த அளவு கடன் ஒருவர் ஜாமீனில் நிற்கும்போது, விழுந்தால் தாங்குவதற்கு வேறு யாரும் இல்லை.

'வித்னெய்ல் அண்ட் ஐ' படப்பிடிப்பிலும் இந்த மாற்றம் தெரிந்தது. வேலை இல்லாத இரண்டு நடிகர்கள் லண்டனிலிருந்து கிராமத்துக்குப் போகும் கதை. எழுதி இயக்கிய ப்ரூஸ் ராபின்சனுக்கு அது முதல் படம். ஆரம்ப நாட்களிலேயே ஓ'பிரையன் வந்து பார்த்துவிட்டு, சிரிப்பே இல்லையே, வெளிச்சமும் இல்லையே என்று படத்தை நிறுத்தப் பார்த்தார். ராபின்சன் பணியவில்லை. அவர்கள் காரில் போய்வரும் காட்சிகளுக்குக் கம்பெனி பணம் தர மறுத்தபோது, தன் சம்பளத்திலிருந்து 30,000 பவுண்டு போட்டு எடுத்தார். அந்தப் பணம் அவருக்குத் திரும்பி வரவே இல்லை. இன்று பிரிட்டனில் ரசிகர்கள் வசனத்தை மனப்பாடமாகச் சொல்லும் படங்களில் அது ஒன்று. அவர் போட்ட பணம் திரும்பாததை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

[திரையில்: கணக்குப் புத்தகங்கள்]

எண்பதுகளின் கடைசியில் படங்கள் வரிசையாக விழுந்தன. 1990-இல் வந்த 'நன்ஸ் ஆன் தி ரன்' நன்றாக ஓடியும் கடனை அடைக்கப் போதவில்லை. ஹாரிசன் வேறு ஆட்களை வைத்துக் கணக்கைத் தோண்டச் சொன்னார். தன் பங்கு என்று நினைத்திருந்த பாதி அல்ல, ஜாமீன் சுமை முழுவதும் தன் தலையில்தான் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

1994-இல் பாரகன் என்ற கனடா நிறுவனம் 85 லட்சம் டாலருக்கு ஹேண்ட்மேடை வாங்கியது. 1995 ஜனவரியில் ஹாரிசன் ஓ'பிரையன் மீது லாஸ் ஏஞ்சலஸில் வழக்குப் போட்டார். அடுத்த வருஷம் நீதிமன்றம் ஹாரிசனுக்கு 1 கோடியே 16 லட்சம் டாலர் தரச் சொல்லித் தீர்ப்பளித்தது. 2001 நவம்பரில் ஹாரிசன் காலமானார். ஹேண்ட்மேட் என்ற பெயர் பிறகும் கைமாறியது, ஆனால் பழைய கம்பெனி திரும்பி வரவில்லை.

1999-இல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் அந்த நூற்றாண்டின் சிறந்த 100 பிரிட்டிஷ் படங்களைத் தேர்ந்தெடுத்தது. 'தி லாங் குட் ஃப்ரைடே', 'லைஃப் ஆஃப் பிரையன்', 'வித்னெய்ல் அண்ட் ஐ', 'மோனா லிசா' எல்லாமே அதில் இருக்கின்றன. ஒன்றில் தொடங்குவதாக இருந்தால் 'தி லாங் குட் ஃப்ரைடே'யில் தொடங்குங்கள். கடைசிக் காட்சியில் காருக்குள் ஹாஸ்கின்ஸின் முகத்தை மட்டும் வெகு நேரம் காட்டுவார்கள், ஒரு வசனமும் பேச மாட்டார். டிவிக்காக வெட்டியிருந்தால் அந்தக் காட்சி இவ்வளவு நீளத்தில் மிஞ்சியிருக்குமா என்று யோசித்துக்கொண்டே பாருங்கள்.