மொதல்ல கத்தரி, அப்புறம் பிரஷ்

(காட்பாடி பக்கம் ஒரு மண்டபத்துல, அழகுக்கலை கோர்ஸ் சேர வந்த பிள்ளைங்களுக்கும் கூட்டிகினு வந்த பெத்தவங்களுக்கும் பேசினது. பேசின மாதிரியே போட்டிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி கேக்குதா? ஃபேன் சத்தத்துல மைக் எடுபடல போல, சரி, நானே கொஞ்சம் கத்திப் பேசறேன்.

உள்ள வர்றப்போ பிள்ளைங்க கிட்ட சும்மா விசாரிச்சேன், என்ன கத்துக்கப் போறீங்கன்னு. பொண்ணுங்கள்ல முக்காவாசி பேரு பிரைடல் மேக்கப்னாங்க. ஒரே ஒரு பொண்ணு ஹேர்கட்டிங்னு வாயெடுத்தா, பக்கத்துல இருந்த அம்மா இடுப்புல ஒரு கிள்ளு கிள்ளிட்டாங்க. நான் பாத்துட்டேன்மா. (சிரிப்பு) கோவிச்சுக்காதீங்க, ஏன் கிள்ளினீங்கன்னு எனக்குத் தெரியும்.

மேக்கப் ஆர்ட்டிஸ்ட்னா சொந்தக்காரங்க மத்தியில கெளரவம், முடி வெட்றதுன்னா அது இன்ன சாதிக்காரன் வேலைன்னு ஒரு நெனப்பு. இதை ஒளிச்சுப் பேசி என்ன ஆவப்போவுது? நான் அந்த வீட்ல பொறந்தவன்தான். எங்க நைனா ஆற்காட்டு பக்கம் கிராமத்துல வீடு வீடா அடப்பம், அதான் கத்தி கத்தரி வெக்கற பை, தூக்கிகினு போனவரு. திண்ணை மேல ஏத்த மாட்டாங்க, கூலியும் காசா வராது, அறுவடைக்கு அறுவடை நெல்லுதான். எங்க பாட்டி ஊருக்கே பிரசவம் பாத்தவங்க, நாட்டு வைத்தியமும் தெரியும், அதுக்காச்சும் மரியாதை குடுத்தாங்களான்னா அதுவும் இல்ல.

வெளிநாட்டுல என்னாச்சுன்னு பாருங்க. அங்க அப்பல்லாம் முடி வெட்ற பார்பரே சின்னச் சின்ன ஆபரேஷனும் செய்வாரு. லண்டன்ல 1540ல பார்பருங்களையும் சர்ஜனுங்களையும் ஒரே சங்கமா சேத்தாங்க, 1745ல தான் பிரிஞ்சாங்க. பிரான்ஸ்ல அம்ப்ருவாஸ் பாரேன்னு ஒருத்தரு, பார்பர் சர்ஜனா ஆரம்பிச்சு ராஜாக்களுக்கே சர்ஜன் ஆனாரு. ஆஸ்பத்திரி பேர சொல்லித்தான் வேலூரே பொழைக்குது, அதனால இதை இங்க சொல்லணும்னு தோணுச்சு. இங்க அதே வேலை செஞ்சவங்கள ஊர் ஓரத்துல வெச்சாங்க, அவ்ளோதான் வித்தியாசம்.

சரி, மானத்த விடுங்க, வருமானத்துக்கு வருவோம். மேக்கப் முகூர்த்தத்த நம்பின தொழில். ஆடியில கல்யாணம் இல்ல, மார்கழியில இல்ல, புரட்டாசியில நெறைய பேரு வெக்க மாட்டாங்க. வைகாசியில ஒரே நாள்ல மூணு ஆர்டர் வந்து நிக்கும், அப்புறம் ரெண்டு மாசம் இன்ஸ்டாகிராம்ல பழைய போட்டோவையே திருப்பித் திருப்பி போட்டுகினு இருக்கணும். முடி அப்படியா? ஆடியோ மார்கழியோ, மாசத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளந்துகினே இருக்கும். பக்கத்துல விஐடி யுனிவர்சிட்டி இருக்கு, அந்தப் பசங்க ஃபேடு வெட்டிக்கறாங்க, அதான் சைடுல கீழ ஒட்ட வெட்டி மேல போகப் போக முடி கூடற ஸ்டைல். மிஷின்ல 1 நம்பர் கார்டு, அதான் அந்தச் சீப்பு, மாட்டி சைடுல வெட்னா 3 மில்லிமீட்டர்தான் நிக்கும், ரெண்டு மூணு வாரத்துல ஷேப் போயிடும், மறுபடி வந்துதான் ஆவணும். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வர்ற பெங்கால்காரங்க, நார்த்ஈஸ்ட்காரங்க மாசக்கணக்குல லாட்ஜ்ல தங்கறாங்க, அவங்களுக்கும் முடி வளரத்தானே செய்யும்? நாலு வார்த்தை ஹிந்தி தெரிஞ்ச கடைக்காரனுக்கு அங்க எப்பவும் வேலை இருக்கு. அதனாலதான் சொல்றேன், மொதல்ல கத்தரி புடிக்க கத்துக்கங்க, பிரஷ் அப்புறம். மேக்கப் வேணாம்னு சொல்லல, அதை மட்டும் நம்பி எறங்காதீங்கன்றேன்.

எங்க கத்துக்கறது? ஐடிஐல காஸ்மெட்டாலஜின்னு ஒரு வருஷ ட்ரேடு இருக்கு, பத்தாவது பாஸ் போதும். அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணு ஐடிஐ சேர்ந்தா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா கெடைக்கும். ஒரு வருஷம் முடியாதுன்றவங்களுக்கு, இந்தியன் பேங்க் நடத்துற சுயவேலைவாய்ப்பு பயிற்சி மையத்துல பியூட்டி பார்லர் கோர்ஸ் உண்டு, ஒரு மாசம் கிட்ட, பீஸ் கெடையாது, சாப்பாடும் அங்கயே. அடுத்த பேட்ச் எப்பன்னு போன் போட்டு கேளுங்க.

தனியார் அகாடமிதான்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: கோர்ஸ் முடியறதுக்குள்ள எத்தனை நெஜ தலையில எங்கள கை வெக்க விடுவீங்க? பதில் வழவழன்னு வந்தா எழுந்து வந்துடுங்க. மூணு நாள் மாஸ்டர் கிளாஸ்னு வாங்குவாங்க, ஒருத்தர் மேடையில செய்வாரு, நீங்க செல்போன்ல வீடியோ எடுத்துகினு வருவீங்க, கடைசியில வெளிநாட்டுப் பேரு போட்ட சர்டிபிகேட் ஒண்ணு. நீச்சல கரையில உக்காந்து கத்துக்கிட்ட கதைதான். டம்மி தலையில வெட்டிப் பழகறது வேணும்தான், ஆனா டம்மிக்கு சுழி கெடையாது, டம்மி திடீர்னு தும்மாது, போன் வந்தா திரும்பிப் பாக்காது. முடிய எத்தனை டிகிரி தூக்கிப் புடிச்சு வெட்டறோம்றதுலதான் மொத்த வித்தையும் இருக்கு. தூக்காம வெட்னா எல்லாம் ஒரே கோட்ல வந்து நிக்கும், 90 டிகிரி தூக்கி வெட்னா படிப்படியா லேயர் விழும். கேக்க ஈஸிதான், கை பழக மாசக்கணக்காவும்.

இப்ப நான் சொல்லப்போறது எந்த போஸ்டர்லயும் இருக்காது. சுத்தம். ஒரு ஆளுக்கு ஒரு பிளேடு, அவரு கண்ணு முன்னாடி ஒடச்சு மாட்டுங்க. ஹெபடைடிஸ் பி கிருமி காஞ்ச ரத்தத்துலயும் ஏழு நாள் வரைக்கும் உயிரோட இருக்கும். பிளேடு மாத்தறோம், ஆனா படிகாரக் கல்ல? ஷேவிங் முடிஞ்சதும் ஒரே கல்லத்தான் வர்றவங்க மூஞ்சிக்கெல்லாம் தேய்க்கறோம், ரத்தம் பட்ட எடத்துல வேற. அதை விட்டுட்டு பொடியாக்கி பஞ்சுல தொட்டுப் போடுங்க, பஞ்ச தூக்கிப் போட்டுடலாம். நீல லைட் எரியற யூவி பெட்டியில வெச்சா சுத்தமாயிடும்னு நெனைக்கறாங்க. லைட் படற பக்கம் மட்டும்தான் கிருமி சாவும், அழுக்கோட வெச்சா அதுவும் இல்ல. மொதல்ல சோப்பு போட்டு கழுவணும், அப்புறம் கிருமி கொல்ற மருந்துல ஊறவெக்கணும்.

அடுத்தது கெமிக்கல். ஹேர் கலரோட கலக்கற டெவலப்பர் பாட்டில்ல 20 வால்யூம்னு போட்டிருந்தா 6 பர்சென்ட் பெராக்சைடு, 40ன்னா 12 பர்சென்ட். இது தெரியாம சீக்கிரம் கலர் ஏறட்டும்னு 40ஐ எடுத்து மண்டையில ஊத்தினா தோல் வெந்துடும். ஹேர் டையில பிபிடின்னு ஒரு சாமான் இருக்கு, சிலருக்கு மூஞ்சி வீங்கி கண்ணே தொறக்க முடியாது. அதனால டை போடறதுக்கு 48 மணி நேரம் முன்னாடி காதுக்குப் பின்னால கொஞ்சம் தடவி ஒத்துக்குதான்னு பாக்கணும். கஸ்டமரு அவசரம்பாரு, வருஷக்கணக்கா போடறேன்பாரு, நீங்க அசையாதீங்க. வருஷக்கணக்கா போட்டவங்களுக்கும் திடீர்னு ஒத்துக்காம போவும்.

மேக்கப் பிள்ளைங்க மொறைக்கறீங்க, வர்றேன். மே மாசம் நம்மூரு வெயில்ல மதியம் ரிசப்ஷன் மேக்கப் நிக்கணும்னா லேயர மெல்லிசா போடுங்க, கெட்டியா அப்பினா வேர்வைக்குத் திட்டுத்திட்டா கெளம்பி வரும். பொண்ணோட அம்மா வந்து "கொஞ்சம் கலரா காட்டும்மா"ன்னுவாங்க. மாநிறப் பொண்ணுக்கு ரெண்டு ஷேடு ஏத்திப் போட்டா மண்டப லைட்டுல சாம்பல் பூத்துத்தான் தெரியும், கழுத்து ஒரு நெறம், கை ஒரு நெறம். அந்தப் பொண்ணு நெறத்துலயே அழகா காட்ட கத்துக்கங்க, கஷ்டமான வேலை அதுதான்.

கடை வெக்க பணம் எங்கன்னு அந்தத் தம்பி கை தூக்கறாரு. ஆரம்பத்துக்கு பேங்க்ல போயி, மத்திய அரசோட முத்ரா கடன் திட்டத்துல சிசுன்ற பிரிவுன்னு கேளுங்க, 50,000 வரைக்கும் அடமானம் இல்லாத கடன். 35 வயசு தாண்டினவங்களுக்கு தமிழ்நாடு அரசோட கலைஞர் கைவினைத் திட்டம் இருக்கு, 3 லட்சம் வரைக்கும் கடன், அதுல 25 பர்சென்ட் மானியம், அதிகபட்சம் 50,000. மாவட்ட தொழில் மையத்துல விசாரிக்கணும். ராணிப்பேட்டை, திருப்பத்தூர்காரங்க வேலூருக்கு வந்து அலையாதீங்க, 2019லயே பிரிச்சாச்சு, உங்க மாவட்டத்து ஆபீஸுக்கே போங்க. ஏற்கெனவே கடையில வேலை பாக்கறவங்க செவ்வாக்கிழமை போங்க, நமக்கு லீவு, அவங்களுக்கு ஆபீஸ்.