வெட்டுப்புள்ளி தவறினால் தோல்வியா? முல்லைத்தீவு மாணவியின் கேள்விக்கு விளக்கம்

அனைவருக்கும் வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு மாணவி அனுப்பிய கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். உயிரியல் பிரிவில் இரண்டாம் தடவையும் உயர்தரப் பரீட்சை எழுதிய அவருக்கு மருத்துவ பீடத்துக்கான சென்ற வருட வெட்டுப்புள்ளியோடு ஒப்பிட்டால் இடம் மயிரிழையில் தவறுகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாதியியலோ மருந்தகவியலோ கிடைக்கக்கூடும். "சேர், அதை எடுத்தால் நான் தோற்றுவிட்டேன் என்றுதானே ஊரில் சொல்வார்கள்? மூன்றாம் தடவையும் எழுதட்டுமா?" என்று கேட்கிறார். கேள்வியின் முற்பாதிதான் இரண்டு நாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

வெட்டுப்புள்ளி ஒரு தொழிலின் மதிப்பை அளக்கும் கருவியன்று என்று நான் சொல்லக் கேட்டு, தொடர்ந்து பார்க்கும் உங்களில் பலர் சலித்திருப்பீர்கள். மறுபடியும் சொல்கிறேன். எத்தனை இடங்கள் இருந்தன, எத்தனை பேர் அவற்றை விரும்பினார்கள், கடைசியாக இடம் பெற்றவரின் இசட் புள்ளி, அதாவது பாடங்களை ஒப்பிடத்தக்கதாகத் தரப்படுத்திய புள்ளி, எவ்வளவு என்பவற்றுக்கு மேல் அது எதையும் காட்டுவதில்லை. இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு ஏற்பவும், மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவையாகக் கணிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. வன்னியின் நான்கு மாவட்டங்களும் அந்தப் பட்டியலில் உள்ளன. இதனாலேயே ஒரே தாதியியல் படிப்புக்கு முல்லைத்தீவில் ஒரு வெட்டுப்புள்ளியும் கிளிநொச்சியில் வேறொன்றும் வருகின்றன. ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வடக்கே நாலு கட்டை போனதும் தாதியின் மதிப்பு ஏறி இறங்கிவிடுமா, பிள்ளை?

ஆகவே ஊர் சொல்வதை விட்டுவிட்டு வேலையைப் பாரும். மழைக்காலத்தில் வயலுக்குள் நின்ற ஒரு கமக்காரர் காய்ச்சலோடு வைத்தியசாலைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது டெங்குவா எலிக்காய்ச்சலா என்பதை முதல் நாளில் முகத்தைப் பார்த்துச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. குருதியைச் சோதிக்கும் ஆய்வுகூடத்திலிருந்து முடிவு வரவேண்டும். வவுனியாவின் விவசாயக் கிராமங்களில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் இருப்பது உங்களுக்குத் தெரியும்; அதுவும் தொடக்கத்தில் வலி காட்டுவதில்லை, குருதியிலுள்ள கிரியேற்றினின் என்ற கழிவுப்பொருளின் அளவுதான் அதைக் காட்டிக்கொடுக்கும். மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படித்த என் பழைய மாணவன் ஒருவன், நோயாளிகள் தன் பெயரைக்கூட அறியமாட்டார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்வான். ஆனால் அவன் கையெழுத்திட்ட அறிக்கையை வைத்துத்தான் விடுதியில் சிகிச்சை தொடங்குகிறது.

தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் ஆகிய மூன்றும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடப் பட்டப்படிப்புகள். மருத்துவம் ஐந்து வருடம், அதற்குப் பின் ஒரு வருட உள்ளகப் பயிற்சி. எல்லாமே ஆங்கில மொழிமூலம் என்பதால் தமிழில் உயர்தரம் படித்த பிள்ளைகள் முதல் வருடத்தில் திணறுவார்கள். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் அமெரிக்க மிசன் மருத்துவர் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த மண் இது என்று பெருமைப்படலாம், ஆனால் பெறுபேறு வரும்வரை காத்திருக்கும் மாதங்களில் ஆங்கிலத்தைத் திருத்திக்கொள்வதே பயன்.

நீர் வேறொரு கேள்வியைக் கேட்டிருந்தால் நான் இன்னும் மகிழ்ந்திருப்பேன்: யாழ்ப்பாணத்துக்கு வெளியே உள்ள எந்தப் படிப்பு வன்னிக்கு மிகவும் தேவைப்படுகிறது? போரில் கால்களை இழந்தவர்கள் வாழும் கிராமங்கள் இவை. இயன்மருத்துவப் (பிசியோதெரபி) பட்டப்படிப்பு பேராதனையிலும் கொழும்பிலும் இருக்கிறது. களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்தில், அதாவது றாகமவில், பேச்சு மற்றும் செவிப்புலன் தொடர்பான பட்டப்படிப்பு உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு முதியவருக்குப் பாரிசவாதம் வந்து பேச்சு போய்விட்டது. அவருக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர் மிகவும் பொறுமையானவர், திறமையும் உள்ளவர். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. குளம், வரம்பு, மாடு, பேரப்பிள்ளையின் பெயர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக மீட்டெடுக்கவேண்டிய மனிதருக்கு, அந்தச் சொற்களைத் தாமும் பேசி வளர்ந்த ஒருவர் அல்லவா எதிரே இருக்கவேண்டும்? எலும்பு முறிவை எந்த மொழிக்காரரும் பொருத்தலாம்; பேச்சுச் சிகிச்சையை அப்படிச் செய்ய இயலாது. இந்தப் படிப்பின் வெட்டுப்புள்ளி மருத்துவத்தை விடக் குறைவு என்பதற்காக அதன் தேவை குறைந்துவிட்டதா? அதே புள்ளிக்குத்தான் திரும்பவும் வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி மூன்றாம் தடவை. அதற்கு உமக்கு உரிமை இருக்கிறது, மூன்று தடவைக்கு மேல் இல்லை. பௌதிகவியலில் குறைந்ததா இரசாயனவியலில் குறைந்ததா என்று தெரிந்து, அதைத் திருத்த வழியும் இருந்தால் எழுதும். ஊர்வாய்க்கு அஞ்சி மட்டும் எழுதவேண்டாம். எப்படியாயினும் இந்த வருட விண்ணப்பத்தை விடாதேயும். தெரிவுகளை உண்மையான விருப்ப வரிசையில் போடும். மருத்துவத்தை முதலில் போட்டதற்காகக் கீழேயுள்ள தாதியியல் வாய்ப்பு கெட்டுவிடாது. ஆனால் ஒரு படிப்புக்குப் பதிவுசெய்தபின் மீண்டும் விண்ணப்பிப்பது பற்றிப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் உள்ள விதிகளைப் பதிவுக்கு முன்பே வாசித்துவிடும்.

உம்முடைய தகப்பனாரும் இந்தப் பதிவுகளைப் பார்ப்பதாக எழுதியிருந்தீர். தெரிவு வரிசையை முதலில் ஒரு தாளில் எழுதிப் பாரும். அப்போது அவரையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளும், பேனாவை மட்டும் கொடுக்கவேண்டாம்.