தோலைக் காக்கும் கத்தி

நேயர்களுக்கு வணக்கம்.

பக்ரீத் நெருங்கி தேவ்னார் சந்தையில் ஆடுகள் வந்து இறங்க ஆரம்பித்ததும் மும்பைத் தமிழர்கள் பலர் என்னிடம் ஒன்று கேட்பார்கள். ஊரில் சுடலைமாடன் கொடைக்குப் புறப்படுகிற திருநெல்வேலிக்காரர்களும் அதையேதான் கேட்பார்கள். தோல் உரிக்க எந்தக் கத்தி வாங்கலாம் என்று. கறிக்கடைக்காரர் ஒரு பதில் சொல்வார். நான் தாராவியில் தோல் தரம் பிரிக்கிறவன். கத்தி செய்த காயத்தை நான் பார்ப்பது கறியில் இல்லை, தோலில். அதனால் என் பதில் கொஞ்சம் வேறாக இருக்கும். தோலோடு வாட்டிச் சமைக்கிறவர்களுக்கு இந்தப் பேச்சு தேவைப்படாது, உரிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஆட்டுத் தோலில் கத்தி படவேண்டிய இடம் மிகக் குறைவு. கழுத்திலிருந்து அடிவயிறு வரை நடுவே ஒரு கோடு, நான்கு கால்களிலும் உள்பக்கமாக ஒவ்வொரு கோடு. கோடு போட்ட பிறகு ஓரத்தை மட்டும் கத்தியால் விடுவித்துக்கொண்டு, மீதியைக் கைமுட்டியால் தள்ளியே உரிக்கவேண்டும். உடம்புச் சூடு இருக்கும்போது தள்ளினால் தோல் எளிதாகக் கழன்று வரும். ஆறிவிட்டால் ஒட்டிக்கொள்ளும். அப்போதுதான் ஆட்கள் பொறுமை இழந்து கத்தியைப் போட்டுச் சீவுவார்கள்.

சீவும்போது ஓட்டை விழுந்தால் அது கண்ணுக்குத் தெரியும், அந்த இடத்தை ஒதுக்கிவிடலாம். பாதி ஆழம் இறங்கிய கீறல்தான் பெரிய நஷ்டம். பச்சைத்தோலில் அது சட்டென்று தெரியாது. பதனிட்டு, ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே மெலிதாக்கி, சாயம் ஏற்றி இழுத்துக் கட்டும்போது கோடு கோடாக வெளியே வரும். சில சமயம் அந்த இடத்திலேயே கிழியும். ஜாக்கெட்டின் முதுகுக்குப் போகவேண்டிய தோல், துண்டு துண்டாகிச் சின்னப் பர்ஸுக்குப் போய்விடும். உயிரைக் கொடுத்த ஆட்டின் தோலை இப்படிப் பாழாக்குவதை என்னால் தாங்கிக்கொள்ள முடிவதில்லை.

ஆகவே கடையில் கத்தியை எடுத்ததும் கட்டைவிரலை வைத்துக் கூர் பார்க்காதீர்கள். கூரை எப்போது வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம், வடிவத்தை மாற்ற முடியாது. உரிக்கும் கத்தியின் வாய் மூன்றாம் பிறை போல நன்றாக வளைந்திருக்கவேண்டும். நீளம் 5 அல்லது 6 அங்குலம் போதும். முனை மேல்நோக்கித் தூக்கி, மழுங்கலாக இருக்கவேண்டும். வளைந்த வாய் ஒரு நேரத்தில் கொஞ்சம் இடத்தைத்தான் தொடும்; தோலுக்கும் சதைக்கும் நடுவிலுள்ள சவ்வை மட்டும் அறுத்துக்கொண்டு போகும். ஊசிமுனைச் சூரிக்கத்தி எலும்பிலிருந்து கறி எடுக்க அருமையானது. அதையே தோலுக்கு எடுத்தால், கை சற்று அசைந்தாலும் முனை தோலுக்குள் இறங்கிவிடும்.

முதல் கோடு போடுவதற்கு மட்டும் வேறொரு சின்னக் கத்தி இருந்தால் நல்லது. அமெரிக்க வேட்டைக்காரர்கள் இதை நன்றாக யோசித்திருக்கிறார்கள். பாப் லவ்லெஸ் என்ற கத்திக் கலைஞர் அங்கே பரவலாக்கிய வடிவத்தில், கத்தியின் முதுகு முனையை நோக்கிச் சரிந்து இறங்கும். முனை தாழ்ந்து நிற்பதால் வயிற்றைத் திறக்கும்போது குடலில் குத்தாமல் நகர்த்த முடிகிறது. குடல் கிழிந்தால் கறியும் கெடும், தோலும் அழுக்காகும். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். ஆனால் அந்தக் கத்தியின் நியாயம் ஆட்டுக்கும் பொருந்தும். வேட்டைக்கத்தி என்று முதுகில் கொக்கி வைத்து விற்கிறார்களே, அது நமக்கு வேண்டாம். கொக்கியின் உள்பக்கத்துக்குக் கூர் ஏற்றுவது பெரும்பாடு.

எஃகைப் பற்றி ஒரு வார்த்தை. ராக்வெல் அளவில் 55 முதல் 58 வரை கடினம் இருந்தால் போதும். அதற்கு மேலே போனால் எலும்பில் பட்டு வாய் சில்லு விடும், தீட்டவும் நேரமாகும். ஈரமும் ரத்தமும் படுகிற வேலை என்பதால், மும்பை மழைக்காலத்தில் துருப்பிடிக்காத எஃகுதான் வீட்டுக்காரர்களுக்குச் சரி. தினமும் துடைத்து எண்ணெய் போடுகிறவர்கள் சாதாரண இரும்புக்கத்தியே வைத்துக்கொள்ளலாம், அது சீக்கிரம் கூரேறும்.

சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். தண்ணீர் இல்லாமல் சக்கரத்தில் அழுத்தித் தேய்த்தால் பொறி பறக்கும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் வாயோரம் நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது. அதன் பிறகு அங்கே கூர் நிற்காது. வீட்டில் தண்ணீர்க்கல்லில் பக்கத்துக்குச் சுமார் 20 டிகிரி சாய்த்துத் தீட்டிக்கொள்வதே மேல்.

பிடியைச் சோதிக்கக் கையில் சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டு பிடித்துப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. கொழுப்பு படிந்த கை அதைவிட வழுக்கும். விரல் வாய்ப்பக்கம் சறுக்காமல் தடுக்க ஒரு மேடு இருக்கவேண்டும். சொரசொரப்பான பிளாஸ்டிக் பிடிதான் என் விருப்பம். மரமும் கொம்பும் அழகுதான், ஆனால் இணைப்பில் ரத்தம் புகுந்து நாறும்.

உரித்து முடித்ததும் தோலைச் சுருட்டிப் பாலித்தீன் பையில் போட்டுக் கட்டிவைக்காதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் சில மணி நேரத்திலேயே ரோமம் கழன்றுவிடும். சதைப்பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, தோலின் எடையில் பாதியளவு கல்லுப்பை ஓரம்வரை தேய்த்து, நிழலில் வையுங்கள். வாங்க வருகிறவர் முதலில் சதைப்பக்கத்தைத்தான் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்.