கேமரா நின்ற இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டில் ஊர் சுற்றக் கிளம்பினால் முதலில் ஒரு பஞ்சாயத்து நடக்கும். போன பொங்கல் விடுமுறையிலும் நடந்தது. அம்மாவுக்குச் சினிமாவில் வருகிற செட்டிநாட்டு வீட்டைப் பார்க்க வேண்டும். எனக்குப் புதுக்கோட்டை பக்கத்தில் சமணக் குகையும் பழைய ஓவியங்களும் இருக்கிற சித்தன்னவாசல். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு இரண்டுமே வேண்டாம். நல்லவேளையாக, திருச்சியிலிருந்து காரைக்குடிக்குப் போகிறவர்கள் கொஞ்சம் விலகிப் போனால் இரண்டையும் பார்த்துவிடலாம்.

காலையிலேயே சித்தன்னவாசல் போய்விட்டோம். வெயில் ஏறினால் அந்தப் பாறையில் கால் வைக்க முடியாது. குன்றின் மேலே ஏழடிப்பட்டம் என்ற குகை. சமணத் துறவிகளுக்காகச் செதுக்கிய 17 கற்படுக்கைகள் அங்கே வழவழவென்று கிடக்கின்றன. ஒன்றின் அருகே தமிழ் பிராமி எழுத்து. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தையது. கம்பிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்த மகள், "தலையணையும் கல்லா அப்பா?" என்றாள். அதற்கப்புறம் செல்போன் பைக்குள் போய்விட்டது.

அம்மாவால் அவ்வளவு தூரம் ஏற முடியவில்லை. கீழே, பாறையைக் குடைந்த சமணக் கோயிலான அறிவர் கோயிலுக்கு மட்டும் வந்தார். அங்கே விதானத்தில் ஒரு தாமரைக் குளம். மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள் என எல்லாம் தலைக்கு மேலே இருக்கின்றன. ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் இளங்கௌதமன் என்ற ஆசிரியர் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. நிறைய உதிர்ந்துவிட்டது, மிச்சமிருப்பதே கழுத்து வலிக்கும் வரை பார்க்கப் போதும். அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெளியே காய்ஞ்சு கெடக்கு, உள்ளே குளமா? அந்தக் காலத்து செட்டிங்டா இது." நான் வீட்டில் படித்துவிட்டு வந்த விளக்கங்களை அதோடு நிறுத்திக்கொண்டேன்.

வழியில் திருமயம். 1687இல் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி கட்டிய கோட்டை. அடிவாரத்தில் ஒரே பாறையைக் குடைந்து சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் கோயில்கள். கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம், பசி.

செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானில் முதல் ஏமாற்றம். போனில் "வாங்க, பார்க்கலாம்" என்றவர் நேரில் பூட்டைக் காட்டினார். அப்புறம் கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிற வேறொரு வீட்டைப் பார்த்தோம். பர்மா தேக்குத் தூண்கள், ஆத்தங்குடித் தரைக்கல், முகம் பார்க்கலாம் போன்ற சுண்ணாம்புப் பூச்சுச் சுவர். "இந்தத் தூண் பக்கத்துலதான் அழுவாங்க" என்றார் அம்மா. "எந்தப் படம்மா? எத்தனையோ எடுத்துட்டாங்க" என்றார் காவலுக்கு இருந்த பெரியவர்.

சினிமாவில் இந்த வீடுகள் மதுரைப் பண்ணையார் வீடாகும், நெல்லை ஜமீனாகும். கேமரா பெரும்பாலும் முகப்போடும், நடு முற்றமான வளவோடும் நின்றுவிடும். இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று பின்தெரு வரை வீடு நீள்கிறது என்பதே நடந்து பார்த்தால்தான் தெரிகிறது. வளவைச் சுற்றி வரிசையாகப் பூட்டிய அறைகள். ஒவ்வொன்றும் ஒரு பங்காளிக்கு. கல்யாணம், முன்னோருக்குச் செய்யும் படைப்பு என்றால் எல்லோரும் வந்து திறப்பார்களாம். எனக்கென்னவோ தேக்குத் தூணைவிட அந்தப் பூட்டுகள்தான் மனதில் நிற்கின்றன.

கடைசியாகக் காரைக்குடியில், தேவகோட்டை ரஸ்தா. இது அம்மாவின் பட்டியலில் இல்லை, என் விருப்பம். 1940களில் ஏவி.எம். படநிறுவனத்தின் ஏவி. மெய்யப்பன் இங்கேதான் தன் ஸ்டுடியோவைத் தொடங்கினார். 'நாம் இருவர்' இங்கே எடுத்த படம். 1948இல் ஸ்டுடியோ சென்னைக்குப் போய்விட்டது. நாங்கள் பார்த்தது சாலையையும் கடைகளையும்தான்.

"இங்கே என்ன இருக்கு பாட்டி?" என்றாள் மகள். அந்தப் படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதியின் பள்ளுப் பாட்டை அம்மா மெதுவாக முணுமுணுத்தார். சுதந்திரம் வந்துவிட்டதென்று ஆடிப்பாடும் பாட்டு அது. படம் வெளிவந்தது 1947 ஜனவரியில். சுதந்திரத்துக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. "வர்றதுக்கு முன்னாலேயே பாடிட்டாங்களா?" என்று மகள் கேட்டாள். அம்மா தலையாட்டிவிட்டு இரண்டாவது அடியைத் தொடங்கினார்.