மேசைக்கும் அளவெடுப்போம்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டிலும் அலுவலகத்திலும் நாம் வேலை செய்யும் இடம் உடலுக்கு இணக்கமாக இருப்பதைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். இயன்முறை மருத்துவம் என் தொழில். கழுத்துவலி, தோள்பட்டை வலி, இடுப்புவலி என்று வருகிறவர்களிடம் வலி எங்கே, எப்போது என்று கேட்டு முடித்ததும், நீங்கள் உட்கார்ந்து வேலை செய்யும் மேசையின் உயரம் என்ன என்று கேட்பது என் வழக்கம். விடை தெரிந்து சொன்னவர்கள் மிகக் குறைவு. ரவிக்கைக்கோ சட்டைக்கோ தோளளவு, கையளவு, கழுத்தளவு எல்லாம் கொடுத்து, அரை அங்குலம் கூடினாலும் பிரித்துத் தைக்கச் சொல்கிறோம்; பல ஆண்டுகள் உட்காரப்போகிற மேசைக்கு மட்டும் யாரும் அளவு கொடுப்பதில்லை.

எந்த ஊர் ஆசாரியைக் கேட்டாலும், மேசைக்கு இரண்டரை அடி, நாற்காலிக்கு 18 அங்குலம் என்று யோசிக்காமல் சொல்வார். கடையில் வாங்கும் இரும்பு மேசையும், அட்டைப்பெட்டியில் வந்து இறங்கி நாமே பூட்டிக்கொள்ளும் மேசையும் ஏறத்தாழ அதே 75 சென்டிமீட்டர்தான். மேலைநாடுகளில் நம்மைவிட உயரமானவர்கள், காலில் ஷூவோடு நாற்காலியில் அமர்ந்து, பேனா பிடித்துத் தாளில் எழுதுவதற்கு ஒத்துவந்த அளவு அது. நம் நாட்டுப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 152 சென்டிமீட்டர், அதாவது ஐந்தடி. ஷூ ஒருவரின் காலுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரம் கூட்டிக்கொடுக்கும். நாமோ வீட்டில் வெறுங்காலோடு உட்காருகிறோம், பல அலுவலகங்களிலும் செருப்பை மேசைக்கடியில் கழற்றி விட்டுவிட்டுத்தான் உட்காருகிறோம். ஆகவே, அங்கே ஒருவருக்குச் சற்றே உயரமாக இருக்கும் நாற்காலி இங்கே இன்னும் உயரமாகிவிடுகிறது. இந்தியர்களின் உடலளவுகள் தெரியாத காலமும் போய்விட்டது. அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனம் அவற்றைத் தொகுத்து 1997-இலேயே வெளியிட்டிருக்கிறது. அந்த அளவுகள் மரப்பட்டறைக்கும் மேசைக் கடைக்கும் போய்ச் சேரவில்லை என்பதே என் நெடுநாளைய வருத்தம்.

இப்போது ஒன்று செய்து பாருங்கள். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்கள் வீடு போய்ச் சேர்ந்த பிறகு செய்யலாம். நாற்காலியில் பின்பக்கம் ஒட்ட உட்காருங்கள். இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். தோள்களை ஒருமுறை மேலே தூக்கி, அப்படியே தளர்த்தி விடுங்கள். மேற்கைகள் விலாவை ஒட்டித் தொங்கட்டும். இனி முழங்கையை மட்டும் மடக்கி, முன்கையைத் தரைக்கு இணையாக நீட்டுங்கள். அந்த முழங்கைக்கும் தரைக்கும் இடையே எத்தனை அங்குலம் என்று வீட்டில் ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். உங்கள் விசைப்பலகையும் மவுஸும் இருக்க வேண்டிய உயரம் அதுதான். இதை மறுபடியும் சொல்கிறேன்: பாதம் தரையில், தோள் தளர்ந்து, முழங்கை மடங்கி, அந்த முழங்கையின் உயரம். ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு இது பெரும்பாலும் 24 அங்குலத்தை ஒட்டி வரும். அவருக்கு நாம் கொடுத்திருப்பதோ 30 அங்குல மேசை. அந்த வித்தியாசத்தை அவருடைய உடல் எங்காவது ஈடுகட்டித்தான் ஆக வேண்டும். தோளை உயர்த்தி ஈடுகட்டினால் கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் தசை நாள் முழுவதும் இறுகிக் கிடக்கும். நாற்காலியை உயர்த்திக்கொண்டால் கால் தொங்கும். இருக்கையின் விளிம்பு தொடையின் அடிப்பக்கத்தை அழுத்தி, மாலையில் கால் மரத்துப்போகும்.

ஒரு சிறிய ஊரின் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் பணிபுரிந்த அம்மையார் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வலது தோளில் மாதக்கணக்கில் வலி. தைலம் தேய்த்தார், மாத்திரை சாப்பிட்டார், விடுப்பு எடுத்தார். விடுப்பில் இருந்தவரை வலி குறையும். வேலைக்குத் திரும்பிய இரண்டாம் நாள் மறுபடி வந்துவிடும். இந்த ஒரு செய்தியே எனக்குப் போதுமானதாக இருந்தது. அவருடைய இடத்தை நேரில் பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு சென்றேன். இரண்டரை அடி மேசை. ஏற்றி இறக்கும் நெம்புகோல் பழுதாகித் தாழ்ந்தே நின்றுவிட்ட சுழல் நாற்காலி. அதன்மேல் மடித்துப் போட்ட பழைய போர்வை. மேசையின் நடுவில் பேரேடும் ரசீதுக் கட்டுகளும் இருந்ததால், மவுஸ் மேசையின் வலது ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருந்தது. அதை எட்டிப் பிடிப்பதற்காக அவர் நாள் முழுவதும் வலது தோளை உயர்த்தி, கையை நீட்டியபடியே இருந்தார். வலியின் காரணத்தை அந்த அறையின் வாசலில் நின்றே பார்க்க முடிந்தது.

மேசைக்கால்களை ஐந்து அங்குலம் அறுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். மேசை இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள், அதை அறுக்க யாருக்கும் அதிகாரமில்லை என்றார் அங்கிருந்த மேலாளர். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. தணிக்கையில் கேள்வி வந்தால் பதில் சொல்லவேண்டியவர் அவர்தான். ஆகவே மேசையைத் தொடாமல் மற்றவற்றை மாற்றினோம். வேறொரு பிரிவில் சும்மா கிடந்த, ஏற்றி இறக்க வருகிற நாற்காலியைக் கொண்டுவந்து, அவருடைய முழங்கை மேசைமட்டத்துக்கு வரும்வரை உயர்த்தினோம். கால் தொங்காமல் இருக்க, சாமான் வந்த மரப்பெட்டியின் பலகைகளைக் கொண்டு, முன்பக்கம் சற்றே சரிந்த ஒரு கால்மணையை ஆசாரி அன்று மாலையே அடித்துக் கொடுத்தார். ரசீதுக் கட்டுகள் இடப்பக்கம் போயின. மவுஸ் விசைப்பலகையை ஒட்டி வந்தது. சில வாரங்களில் தோள் இளகத் தொடங்கியது. அதன்பின் ஒருநாள் வலி திரும்பிவிட்டதென்று தொலைபேசியில் சொன்னார். விசாரித்தால், காலையில் பெருக்குகிறவர் கால்மணையை எடுத்து அலமாரிக்குப் பின்னால் வைத்திருக்கிறார், இவரும் கூச்சப்பட்டுக்கொண்டு கேட்கவில்லை. பக்கத்து மேசைப் பெண்களும் ஆளுக்கொரு மணை கேட்டு வாங்கிய பிறகுதான் அந்தக் கூச்சம் போயிற்று. அதே பிரிவில் ஆறடி உயரமுள்ள இளைஞர் ஒருவர் கூனிக் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். அவருடைய மேசைக்கால்களின் கீழ் மரக்கட்டைகள் வைத்து உயர்த்தினோம். கட்டை வைப்பதற்கு எந்தப் பதிவேடும் குறுக்கே வரவில்லை.

இந்த நிகழ்ச்சியை நான் எங்கே பேசினாலும் சொல்கிறேன். விலை உயர்ந்த நாற்காலி வாங்கினால்தான் வலி தீரும் என்று நினைப்பவர்கள் ஏராளம். அந்த அம்மையாருக்கு ஆன செலவு ஆணியும் ஆசாரியின் கூலியும் மட்டுமே.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களின் நிலை வேறு. 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கின்போது கட்டிலிலும் சாப்பாட்டு மேசையிலும் தொடங்கிய அலுவலகம் பல வீடுகளில் இன்னும் அங்கேயே நடக்கிறது. மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியே பிறந்தவை. கைக்கு வாகாக வைத்தால் கழுத்து குனியும், கண்ணுக்கு வாகாக வைத்தால் தோள் தூக்கும். மனிதத் தலையின் எடை நாலரை, ஐந்து கிலோ இருக்கும். அது முன்னால் சாயச்சாயப் பின்கழுத்துத் தசைகள் தாங்கவேண்டிய சுமை கூடிக்கொண்டே போகும். ஆகவே தனி விசைப்பலகையும் தனி மவுஸும் வாங்கிக்கொள்ளுங்கள். மடிக்கணினியைத் தடித்த புத்தகங்களின்மேல் ஏற்றி வையுங்கள். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழேயோ, கை நீட்டினால் தொடும் தொலைவில் இருக்கட்டும். இருபார்வைக் கண்ணாடி, அதாவது கீழ்ப்பகுதியில் வாசிப்புக்கான வில்லை உள்ள கண்ணாடி அணிபவர்கள் திரையை இன்னும் தாழ்த்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தாடையை உயர்த்திப் பார்த்துப் பார்த்தே கழுத்து வலிக்கும்.

தரையில் உட்கார்ந்து வேலை செய்யலாமா என்று கேட்பவர்களும் உண்டு. மூட்டுவலி இல்லாதவர்கள் தாராளமாக உட்காரலாம், உயரமான பெட்டியோ சாய்வுப் பலகையோ முன்னால் இருந்தால். பழைய மண்டிகளிலும் செட்டிநாட்டு வீடுகளிலும் கணக்குப்பிள்ளைக்கு முன்னால் இருந்த பெட்டி மேசையை நினைத்துப் பாருங்கள். அதன் மூடி அவரை நோக்கிச் சரிந்திருக்கும். பேரேடு கண்ணை நோக்கி உயர்ந்து வந்ததால் கழுத்து அவ்வளவு குனியவேண்டியிருக்கவில்லை. அந்தச் சாய்வை இன்று மேசையிலும் வைத்துக்கொள்ளலாம். படிக்கிற குழந்தைகளுக்கு அது மிகவும் நல்லது.

வீட்டில் உள்ள வேலையிடம் என்றதும் கணினியை மட்டுமே நினைக்கிறோம். கணினி வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே வீட்டில் ஒரு வேலையிடம் உண்டு, அது சமையலறை. அங்கும் நான் சொல்வது அதே முழங்கைதான். நின்றபடி கையை மடக்கினால் முழங்கை இருக்கும் உயரத்துக்கு நாலைந்து அங்குலம் கீழே காய் நறுக்கும் மேடை இருக்க வேண்டும். பிரச்சினை எங்கே வருகிறதென்றால், நறுக்குவதற்குச் சரியாக இருக்கும் அதே மேடையின்மேல் எரிவாயு அடுப்பைத் தூக்கி வைக்கிறோம், அடுப்பின்மேல் குக்கரையோ ஆழமான பாத்திரத்தையோ வைக்கிறோம். கிளறும் கை தோள்மட்டத்துக்குப் போய்விடுகிறது. வீடு கட்டுகிறவர்கள் அடுப்பு வைக்கும் பகுதியை மட்டும் நாலைந்து அங்குலம் தாழ்த்திக் கட்டச் சொல்லுங்கள். கொத்தனார் ஒரே மட்டமாக இருந்தால்தான் அழகு என்பார். சமைக்கிறவரை அங்கே நிறுத்தி அளவெடுத்து, அவர் அளவுக்கே கட்டச் சொல்லுங்கள்.

உட்கார முடியாதவர்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஜவுளிக் கடை, நகைக் கடை, பல்பொருள் அங்காடி ஆகியவற்றில் காலை முதல் இரவு வரை நின்றே பணிபுரிகிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து காலின் இரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் நின்றால் அந்த இயக்கம் நின்று, இரத்தம் காலிலேயே தேங்கி, பாதம் வீங்கும். நாளடைவில் நரம்புச் சுருட்டல் என்று நாம் சொல்லும் நோய்க்கும் வழிசெய்யும். கோழிக்கோட்டில் தையல் தொழிலாளியான விஜி என்பவர் 'பெண்கூட்டு' அமைப்பின் வழியாகக் கடைப்பெண்களைத் திரட்டி நடத்திய போராட்டத்தின் பயனாக, கேரளம் 2018-இல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021-இல், 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்பது அதன் சாரம். வாடிக்கையாளர் வரும்போது ஊழியர் உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவு என்று சில உரிமையாளர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பழைய ஜவுளிக் கடைகளில் மெத்தை விரித்து, விற்பவரும் வாங்குபவரும் உட்கார்ந்தே சேலை பார்த்தார்கள். மரியாதைக்கு அங்கே ஒரு குறையும் வரவில்லை. கால் வைக்கக் கம்பி உள்ள உயரமான ஸ்டூல் போட்டுப் பாருங்கள். அதில் அமர்ந்திருப்பவர் ஒரு நொடியில் எழுந்துவிடலாம், அமர்ந்த நிலையிலும் அவருடைய முகம் வாடிக்கையாளரின் முகத்துக்கு நேராகவே இருக்கும்.

நிற்பவருக்கு இருக்கை எவ்வளவு தேவையோ, அமர்ந்திருப்பவருக்கு எழுவதும் அவ்வளவு தேவை. லண்டன் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஆராய்ந்த ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் 1953-இல் ஒன்றை வெளியிட்டார். நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படி ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு நோய் குறைவாக இருந்தது. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடங்கள். தண்ணீர்ப் பாட்டிலை மேசையில் வைக்காமல் எட்டத்தில் வையுங்கள். தொலைபேசி வந்தால் எழுந்து நின்று பேசுங்கள்.

நேரம் நெருங்கிவிட்டதென்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. வெளிச்சத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், சுருக்கிச் சொல்கிறேன். ஜன்னல் உங்களுக்கு முன்னால் இருந்தால் கண் கூசும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் அது திரையில் தெரியும். பக்கவாட்டில் வரும்படி மேசையைத் திருப்பிப் போடுங்கள். வலக்கையால் எழுதுபவருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும். இருட்டறையில் திரை வெளிச்சத்தில் மட்டும் வேலை செய்யாதீர்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் உள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள். காற்றோட்டமும் இரைச்சலும் மிச்சமிருக்கின்றன. நிலையத்தார் மீண்டும் அழைத்தால் அவற்றைப் பற்றிப் பேசுகிறேன். வணக்கம்.