பின்மூடியிலிருந்து தொடங்குவோம்

நேயர்களுக்கு வணக்கம். நல்ல கைப்பேசி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் கேமரா, திரை, வேகம் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். அவற்றைக் கம்பெனிகள் பார்த்துக்கொள்ளும். என்னைக் கேட்டால், பின்மூடி எப்படிக் கழல்கிறது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு மற்றதை வரையலாம்.

காரணம் பேட்டரி. லித்தியம் அயான் பேட்டரி வண்டி டயர் மாதிரி, தேய்ந்தே தீரும். முழு சார்ஜ் ஏறி இறங்குவது 500 முதல் 800 தடவை நடந்தால், சாதாரணமாகக் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு வந்துவிடும். தினம் ஒரு சார்ஜ் என்றால் இரண்டு வருடக் கணக்கு. சூடு பட்டால் இன்னும் சீக்கிரம். உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயு சேர, பேட்டரி உப்பும். மூடியோ திரையோ ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு விலகினால் அதுதான் அறிகுறி. ரப்பர் பேண்டு போட்டு அமுக்கி ஓட்டுவதெல்லாம் ஆபத்து. சார்ஜ் போடுவதை அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும்.

இன்றைய போன் பலவற்றில் அந்தப் பேட்டரியை எடுப்பது சின்ன வேலை இல்லை. ஏறக்குறைய 80 டிகிரிச் சூட்டில் பின்கண்ணாடியை வைத்து, பசை இளகியதும் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் சுற்றிலும் அறுக்க வேண்டும். உள்ளே பேட்டரியும் பசையில் ஒட்டியிருக்கும். நெம்பினால் வளையும். வளைந்தால் உள்ளிருக்கும் நேர், எதிர் அடுக்குகளைப் பிரிக்கும் மெல்லிய படலம் கிழிந்து ஷார்ட் ஆகும். அப்புறம் புகைதான்.

நான் வரையும் போனில் மூடி நகத்தால் திறக்கும். பேட்டரி பசை இல்லாமல் குழியில் உட்காரும். அதற்கும் கீழே போக ஸ்க்ரூ உண்டு, ஆனால் எல்லாம் ஒரே நீளம், சாதாரண நட்சத்திரத் தலை. இது அற்ப விஷயம் இல்லை. ஒன்றரை மில்லிமீட்டர் ஸ்க்ரூ இருந்த துளையில் இரண்டரை மில்லிமீட்டரை முறுக்கினால், அது மதர்போர்டுக்குள்ளே ஓடும் செம்புத் தடத்தை அறுத்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. போன் மட்டும் எழாது.

திறக்கும் மூடி என்றால் தண்ணீர் புகுந்துவிடாதா என்பார்கள். 2014-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5-இல் மூடி கையால் கழன்றது. மூடியின் உட்புறத்து ரப்பர் விளிம்பை வைத்தே ஒரு மீட்டர் நீரில் அரைமணி நேரம் தாங்கும் ஐபி67 தரம் அதற்குக் கிடைத்தது. மூடியைச் சரியாக அழுத்தாவிட்டால் பயனில்லை என்பதும் உண்மை. தடிமன் ஒரு மில்லிமீட்டர் கூடும், கூடட்டும்.

அடுத்தது சார்ஜிங் போர்ட். டைப்-சி போர்ட் பத்தாயிரம் தடவை செருகி எடுக்கத் தாங்கவேண்டும் என்று வகுக்கப்பட்டது. ஆனாலும் பல சமயம் "போர்ட் போச்சு" என்பது சட்டைப்பை, பேன்ட்பைப் பஞ்சு அடியில் கெட்டிப்பட்டிருப்பதுதான். சார்ஜர் முனை முழுவதும் இறங்காது, ஆடும். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாகக் கிளறினால் வந்துவிடும். ஊசி கூடாது, நடுவில் இருக்கும் நாக்கின் தொடுமுனைகள் கெடும். நிஜமாகவே போர்ட் தேய்ந்தால் மாற்ற வசதியாக அது சப் போர்டு என்ற தனிச் சின்னப் பலகையில் இருக்க வேண்டும். மதர்போர்டில் நேரடியாகப் பற்றவைப்பது பிழைப்புக்கு வழி, வடிவமைப்பு அல்ல.

அதற்காக எல்லாவற்றையும் கழற்றி மாட்டும் கட்டைகளாக்கவும் வேண்டாம். கூகுள் அப்படித்தான் அரா என்ற திட்டத்தைத் தொடங்கி 2016-இல் கைவிட்டது. ஒவ்வொரு இணைப்பும் இடத்தையும் எடையையும் தின்னும், ஆட்டம் காணும். நெதர்லாந்தின் ஃபேர்ஃபோன் கம்பெனி பிடித்த நடுவழி போதும்: அடிக்கடி கெடும் உறுப்புகள் மட்டும் ஒரு திருப்புளியில் கழல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூனிலிருந்து, ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஏழு வருடம் முக்கிய உதிரிபாகம் தரவேண்டும் என்பது விதி. பாகம் கிடைக்காவிட்டால் திறக்கும் மூடியால் என்ன லாபம்?

வானொலியில் பேசுவதால் ஒரு பேராசை. 3.5 மில்லிமீட்டர் இயர்போன் துளை எனக்குத் திரும்ப வேண்டும். எஃப்எம் அலையின் நீளம் சுமார் மூன்று மீட்டர். அதில் கால்பங்கு முக்கால் மீட்டர், ஆன்டெனாவுக்கு ஏற்ற அளவு. இயர்போன் ஒயரே அந்த வேலையைச் செய்துவிடும். புயலில் செல்போன் கோபுரம் அணைந்தாலும், எஃப்எம் சிப்பும் ஒயரும் உள்ள போனில் நிலையத்துச் செய்தி கேட்கும்.