அட்டை கிடைத்துவிட்டது, பாடம் எங்கே?

(தக்கலையில், மாற்றுத்திறன் குழந்தைகளின் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பெற்றோர்களே, பேரப்பிள்ளைகளை இடுப்பில் தூக்கி வந்திருக்கும் பாட்டிமார்களே, பின்னால் நிற்பவர்கள் முதலில் முன்வரிசைக்கு வந்து உட்காருங்கள். அது விருந்தினர்களுக்கு ஒதுக்கிய வரிசை என்றார்கள். வரவேண்டிய விருந்தினர்கள் நீங்கள்தான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் நம் மாவட்டத்துக்கு. குமரி மாவட்டத்தில் மேடை ஏறியவர் யாரும் இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை, நானும் சொல்லிவிட்டேன். இதே மாவட்டத்தில், எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி பெற்ற பிள்ளைகள் தங்கள் பெயரை எழுதத் தெரியாமல் வருவதையும் பார்க்கிறேன். வருகைப் பதிவேட்டில் குறை இல்லை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கிறது, உதவித்தொகை வருகிறது. அத்தனை ஆண்டுகளில் அந்தப் பிள்ளைக்கு எதைக் கற்றுக்கொடுப்பது என்று ஒருவரும் ஒரு தாளில்கூட எழுதி வைக்கவில்லை.

சிறப்புக் கல்வி என்றால் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது முகாம்தான். ஆசாரிப்பள்ளம் மருத்துவமனையில் டாக்டர் குறைபாடு எத்தனை சதவீதம் என்று எழுதித் தருகிறார், நாகர்கோவில் அலுவலகத்தில் அட்டை வாங்குகிறோம், முகாமில் சக்கர நாற்காலிக்கு அளவு எடுக்கிறார்கள். எல்லாம் வேண்டியவைதான், பஸ் சலுகைக்கே அட்டை வேண்டியிருக்கிறது. ஆனால் இவை எல்லாம் வாசல்படி. கல்வி அதற்கு உள்ளே இருக்கிறது.

சட்டத்தைப் பாருங்கள். 1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் பட்டியலுக்குள் வந்தது அப்போதுதான். நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் உண்டு. உடனே ஒரு தாய் கேட்பார்: “எங்கள் பிள்ளைக்கு முப்பதுதானே போட்டிருக்கிறார்கள்?” அம்மா, சேர்க்கை மறுக்கக் கூடாது, தேவைக்கேற்ற வசதி செய்து தர வேண்டும், ஒவ்வொரு மாணவரும் எவ்வளவு முன்னேறினார் என்று கண்காணிக்க வேண்டும் என்று சொல்லும் 16ஆம் பிரிவில் சதவீதமே கிடையாது. பள்ளியில் போய் முப்பது என்று நீங்களாகவே குரலைத் தாழ்த்திப் பேசாதீர்கள்.

அந்தக் கண்காணிப்பு நடக்க வேண்டிய இடம்தான் தனிநபர் கல்வித் திட்டம். பள்ளிகளுக்கு உதவ கல்வித்துறை வைத்திருக்கும் உங்கள் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், இயன்முறைப் பயிற்சி அளிப்பவரும் வருவார். உங்கள் குழந்தையின் பெயரில் ஒரு திட்டம் எழுதப்பட வேண்டும். எழுதியிருக்கிறார்கள் என்று சொன்னால் வாங்கிப் படியுங்கள். “கணிதத் திறன் மேம்படும்” என்று இருந்தால் அது யாருடைய குழந்தைக்கும் பொருந்தும், ஆகவே யாருக்கும் உதவாது. நான் எழுதச் சொல்வது இப்படி: மூன்று மாதத்துக்குள், இருபது ரூபாய்த் தாளைக் கொண்டுபோய்க் கடையில் ஒரு சோப்பு வாங்கி, மீதிச் சில்லறையைச் சரிபார்த்து வீட்டுக்குக் கொண்டுவருவான். முதல் இரண்டு வாரம் ஐந்து ரூபாய் நாணயத்தையும் பத்து ரூபாய் நாணயத்தையும் கையில் கொடுத்துப் பிரிக்கவைப்பது. பிறகு வகுப்பிலேயே ஒரு பெஞ்சைக் கடையாக்கி, உடன் படிக்கும் பிள்ளையைக் கடைக்காரராக உட்காரவைப்பது. அதன் பிறகே தெருமுனைக் கடை. முதலில் அம்மா பக்கத்தில், பிறகு பத்தடி தள்ளி, பிறகு வீட்டு வாசலில். ஒவ்வொரு படிக்கும் தேதி. படி ஏறவில்லை என்றால் திட்டத்தை மாற்ற வேண்டும். பிள்ளையைத் திட்டிப் பயனில்லை.

சில நேரம் திட்டம் என்பது ஒரு மரப்பலகைதான். மூளை முடக்குவாதம் உள்ள ஒரு சிறுமி எழுதவே மாட்டாள் என்றார்கள். பெஞ்சில் உட்கார்ந்தால் அவள் கால் தரையைத் தொடவில்லை. உடம்பு சரியாமல் இருக்க ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டாள். மறுகையில் என்ன பலம் மிஞ்சும்? காலுக்கு அடியில் ஒரு பலகை, பென்சிலைச் சுற்றிச் சைக்கிள் டியூப் துண்டு. இரண்டுக்கும் எந்த அரசாணையும் தேவைப்படவில்லை. கிறுக்கினாள், பிறகு எழுதினாள்.

ஆசிரியர்கள் மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. தொடக்கப் பள்ளியில் பத்துக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், ஆறு முதல் எட்டு வரை பதினைந்துக்கு ஒருவர் என்று மத்திய அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. பேச்சிப்பாறை மலைப்பகுதியிலிருந்து தூத்தூர் கடற்கரை வரை நம் பள்ளிகளைச் சுற்றிப் பாருங்கள், நடைமுறை தெரியும். ஒரே ஆசிரியர் பல பள்ளிகளுக்கு பஸ் பிடித்து ஓடுகிறார். அவர் உங்கள் பள்ளிக்கு எந்தக் கிழமை வருகிறார் என்பதைத் தெரிந்து வைத்துக்கொண்டு அன்று போய்ச் சந்தியுங்கள். அதிகாலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்கும் மீன் ஏலத்துக்குப் போகிறவர்களுக்கும் இது எளிதல்ல. தாத்தா போகலாம், மாமா போகலாம். யாராவது போக வேண்டும்.

இன்னொன்றில் ஏமாந்துவிடாதீர்கள். கடுமையான குறைபாடு உள்ள குழந்தைக்கு வீட்டிலேயே கல்வி பெறும் உரிமையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் தந்தது. அது தேர்ந்தெடுக்கும் உரிமை. “வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், ஆசிரியரை அனுப்புகிறோம்” என்று தலைமையாசிரியர் உங்கள் சார்பில் தேர்ந்தெடுக்க முடியாது. பல வீடுகளில் அந்த ஆசிரியர் வரும் அரைநாள்தான் பள்ளி. மற்ற நாள்களில் பிள்ளைக்குத் துணை தொலைக்காட்சி.

சிறப்புப் பள்ளி வேண்டாம் என்றும் நான் சொல்லமாட்டேன். பக்கத்துப் பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் ஸ்வைன்சன் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில். சைகை மொழி பேசும் நண்பர்கள் நடுவே வளரும் குழந்தை, யாருக்கும் சைகை தெரியாத வகுப்பின் கடைசி பெஞ்சில் இருப்பதைவிட நன்றாகவே படிக்கும். எந்தப் பள்ளியானாலும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பருவத்தில் என்ன கற்றாள்?

பொதுத்தேர்வுச் சலுகைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சொல்வதை எழுத ஒருவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாடத்தில் விலக்கு என்று குறைபாட்டைப் பொறுத்து உண்டு. மருத்துவச் சான்றோடு பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வுக்கு முந்தைய வாரம் ஓடாதீர்கள்.

கடைசியாக, பள்ளி மேலாண்மைக் குழு. அதன் உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு விகிதப்படி இடமும் தர வேண்டும். 2012 முதல் அந்தப் பிரிவில் மாற்றுத்திறன் குழந்தைகளும் உண்டு. சாய்தளம் கட்டியிருக்கிறதா, கழிப்பறைக் கதவு சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் இருக்கிறதா என்பதெல்லாம் பேச வேண்டிய இடம் அதுதான். உங்கள் பள்ளியில் அடுத்த கூட்டம் எப்போது என்று நாளை காலையே கேளுங்கள். இப்போது உங்கள் கேள்விகளைச் சொல்லுங்கள். குழந்தை அழுகிறது என்று வெளியே போனவர்களிடமிருந்து தொடங்குவோம்.